கடையும் மந்தம், வீட்டுக்காரருக்கும் வேலை போய்விட்டது: அரசாங்க உதவிக்கு முதலில் எங்கே போவது?

கேட்டவர்: தேக்கா_தையல்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தேக்கா சென்டர் மேல்மாடியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். முக்கால்வாசி வேலை பிளவுஸ்தான். லைனிங் வைத்துத் தைப்பது, பழைய பிளவுஸைப் பிரித்துப் பெரிதாக்குவது, சுடிதாருக்குக் கை வைப்பது, புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது என்று ஓடும். கடை என் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது, கூட்டாளி யாரும் இல்லை. வேலைக்கும் ஆள் இல்லை. தீபாவளிக்கு முன்னால் மூச்சுவிட நேரம் இருக்காது, முடிந்த கையோடு ஆர்டர் படுத்துவிடும். இந்த வருடம் ரொம்பவே படுத்துவிட்டது.

அதோடு இன்னொரு இடி. வீட்டுக்காரருக்கு 47 வயது. துவாஸில் ஒரு தளவாட நிறுவனத்தில் கிடங்கு மேற்பார்வையாளராக இருந்தார், சம்பளம் 3,900 வெள்ளி. அக்டோபரில் ஆட்குறைப்பு செய்துவிட்டார்கள். வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு வாரச் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். மூத்தவள் பாலிடெக்னிக், சின்னவன் உயர்நிலை மூன்று. யீஷூனில் நாலறை வீடு, கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் தம்பி, மச்சானையும் கடையில் கூட்டாளியாகப் போட்டுவிடு என்கிறான். இவர், ஊரிலிருந்து ஒரு நல்ல டெய்லரை வரவழைத்துக் கடையைப் பெரிதாக்கலாம் என்கிறார். போன வாரம் ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ஆர்டர், பில், கணக்கு எல்லாம் ஒரே டேப்லெட்டில் செய்யலாம், பாதிப் பணம் அரசாங்கம் தரும், மீதிப் பாதியையும் நாங்களே வேறு வழியில் சரிக்கட்டிவிடுவோம், இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள் என்றான். நான் இன்னும் போடவில்லை.

எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். ஆனால் அந்த இணையத்தளங்களைத் திறந்தால் இருபது திட்டம், இருபது பெயர். எதை முதலில் பிடிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மார்சிலிங்_மணி

அக்கா, முதலில் உங்கள் தொகுதி எம்பியின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போய் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று இருந்தால் சமூகச் சேவை அலுவலகத்தில் காம்கேர் என்ற அரசாங்க உதவித்தொகை கேட்கலாம். என் அண்ணன் குடும்பத்துக்கு அது கைகொடுத்தது.

---

சிராங்கூன்_கணக்கர்

தங்கச்சி, அந்தக் கையெழுத்தைப் போடாமல் விட்டீர்களே, அது போதும். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிராங்கூன் ரோடு, டன்லப் ஸ்திரீட் பக்கத்துச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. மளிகை, பூக்கடை, முடிதிருத்தகம், நகைப் பட்டறை என்று எல்லா வகையும் உண்டு. ஒவ்வொரு பிப்ரவரியிலும் வரவுசெலவுத் திட்டம் அறிவித்த மறுநாள் காலையில் எனக்கு வரும் முதல் கேள்வி, "அண்ணே, நமக்கு என்ன இருக்கு?" என்பதுதான். உங்கள் கேள்வியும் அதுதான். ஆனால் உங்கள் விஷயத்தில் "நமக்கு" என்பதை இரண்டாகப் பிரிக்கவேண்டும். வீட்டுக்காரருடைய விஷயம் வேறு, கடை விஷயம் வேறு. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டால் இரண்டு பக்கத்து உதவியும் கைநழுவிப் போகும்.

அதனால் தம்பி சொன்னதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வேலை இழந்தவர்களுக்காக 2025 ஏப்ரலில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். இந்த ஊரில் வேலை போனவருக்கு மாதாமாதம் பணம் தரும் திட்டம் வருமா என்று பல காலம் பேசிக்கொண்டிருந்தோம். வந்துவிட்டது. ஆறு மாதம் வரை, மொத்தம் 6,000 வெள்ளி வரை. முதல் மாதம் அதிகபட்சம் 1,500, அடுத்த மாதம் 1,250, மூன்றாவது மாதம் 1,000, அதற்கப்புறம் மூன்று மாதம் 750 வீதம். தானாக விலகியவருக்கு இல்லை. ஆட்குறைப்பு, நிறுவனம் மூடியது, உடல்நிலையால் வேலை போனது போன்ற காரணம் இருக்கவேண்டும். கடந்த 12 மாதச் சராசரிச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. அந்த 12 மாதத்தில் குறைந்தது ஆறு மாதம் வேலை பார்த்திருக்கவேண்டும். வேலை போய் ஒரு மாதமாவது ஆகியிருக்கவேண்டும். வீட்டின் ஆண்டு மதிப்புக்கு ஒரு வரம்பு உண்டு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டுக்காரர் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 3,900 சம்பளத்தில் அக்டோபரில் ஆட்குறைப்பான சிங்கப்பூர்க் குடிமகனுக்கு, அதாவது உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஒருவருக்காகவே செய்த திட்டம் இது.

இது வேலை இல்லாதவருக்கு, வேலை தேடுகிறவருக்குத் தரும் பணம். இப்போது அவரைக் கடையில் கூட்டாளியாகப் பதிந்துவிட்டால் அவர் தொழில் செய்கிறவர் ஆகிவிடுவார். பாதிப் பிளவுஸ்கூட ஓடாத மாதத்தில் இரண்டு பேரும் ஒரே கல்லாவை நம்பி உட்காருவதில் என்ன லாபம்? அவர் தன் தொழிலில் வேலை தேடட்டும். இல்லை, கடைதான் வாழ்க்கை என்று இருவரும் யோசித்து முடிவெடுத்தால், அதைப் பிறகு செய்யலாம், கதவு ஒன்றும் மூடிவிடாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: அவரைச் சம்பளத்துக்கு வைத்தால், கணவரே ஆனாலும் மசேநிதி, அதாவது மத்திய சேமநிதி, கட்டவேண்டும்.

ஊரிலிருந்து டெய்லர் வரவழைப்பது நடக்காது. இதைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன், இதை நம்பி முகவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சேவைத் துறையில் சாதாரண வேலை அனுமதிக்கு இந்தியர்களை எடுக்க முடியாது. 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கு ஒரு விலக்கு கொடுத்தார்கள், குறைந்தது 2,000 வெள்ளிச் சம்பளம் என்ற நிபந்தனையோடு. அந்த விலக்கு தையல்காரருக்கு இல்லை. அதற்கு மேல்நிலை வேலை அனுமதியான எஸ் பாஸ் என்றால் 2025 செப்டம்பரிலிருந்து தொடக்கச் சம்பளமே 3,300 வெள்ளி. அதிலும் சேவைத் துறையில் மொத்த ஆட்களில் பத்து விழுக்காடுதான். உள்ளூர் ஊழியர் ஒருவர்கூட இல்லாத கடைக்கு அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும்?

இனி அந்த டேப்லெட் பையன்.

அவன் சொன்ன பாதிப் பணம் உண்மைதான். உற்பத்தித்திறன் தீர்வு மானியம் என்று ஒன்று இருக்கிறது, எல்லாரும் பிஎஸ்ஜி என்பார்கள். முன்கூட்டியே அங்கீகரித்த பட்டியலில் உள்ள மென்பொருள், கருவிகளுக்குச் செலவில் 50 விழுக்காடு வரை கிடைக்கும். கடையின் உரிமையில் உள்ளூர்ப் பங்கு 30 விழுக்காடாவது இருக்கவேண்டும், அது உங்களுக்கு நூறு. ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலோ, முன்பணம் ஒரு வெள்ளி கொடுத்தாலோ மானியம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு மசாலாக் கடைக்காரர் விற்பனையாளரின் பேச்சை நம்பி 500 வெள்ளி முன்பணம் கட்டினார். நல்ல மனிதர், நேர்மையானவர். அந்த ரசீதின் தேதி விண்ணப்பத் தேதிக்கு முந்தியது. அவ்வளவுதான், முழுப் பணமும் கையைவிட்டுப் போனது. அந்த ரசீதை என் மேசைமேல் வைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்த நிலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

அப்புறம், "மீதிப் பாதியையும் வேறு வழியில் சரிக்கட்டுவோம்" என்றானே, அது மோசடி. விலையை ஏற்றிப் பில் போட்டு, மானியம் வந்ததும் உங்கள் பங்கைக் கையில் கொடுப்பார்கள். விண்ணப்பம் உங்கள் சிங்பாஸில், அதாவது உங்கள் அரசாங்க மின்னடையாளத்தில், உங்கள் கடையின் பெயரில் போகிறது. நாளைக்கு விசாரணை வந்தால் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான். அந்தப் பையன் மறுபடி வந்தால் கடையில் உட்காரவே விடாதீர்கள்.

நேர்மையான விற்பனையாளராகவே இருந்தாலும் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். முழு விலையை முதலில் நீங்கள் கட்டவேண்டும், பயன்படுத்தத் தொடங்கியபின் கோரிக்கை போட்டுத்தான் பாதியைத் திரும்ப வாங்கவேண்டும். இடையில் மாதக்கணக்கில் அந்தப் பணம் வெளியே நிற்கும். வாடகைக்கே யோசிக்கும் காலத்தில் அது தாங்குமா? உங்கள் கடையை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் பிளவுஸ் தைக்கிறவர்களின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாடிக்கையாளர், அளவுகள், கழுத்து வடிவத்தின் சின்னப் படம், ஓரத்தில் லைனிங் துணியின் துண்டு ஊசி குத்தி வைத்திருக்கும், கீழே "வெள்ளிக்கிழமை மாலை, பாக்கி 15" என்று ஒரு வரி. அந்த நோட்டு வேலை செய்கிறது. அதை மாற்றுவது அவசரம் இல்லை. அவசரம் வேறொன்று.

உங்கள் வருமானக் கணக்கு. அது இருக்கிறதா?

சிறு கடைக்காரர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். நோட்டில் ஆர்டர் இருக்கும், மொத்த வரவு இருக்காது. பேநவ்வில் (கைபேசிவழிப் பணம்) வந்தது சொந்தக் கணக்கில், ரொக்கம் டப்பாவில், ஜிப்பும் நூலும் வாங்கிய ரசீது கைப்பையில். வருமான வரிக்கு ஏதோ ஒரு தொகையைக் குத்துமதிப்பாகப் போடுவார்கள். கணக்கு இல்லாத கடைக்கு மானியமும் இல்லை, கடனும் இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு, யாருமே கேட்காத ஒரு பணத்தில் இருக்கிறது.

குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கு அரசாங்கம் கூடுதலாகத் தரும் வேலைநலன் துணை வருமானத் திட்டம் தெரியும் இல்லையா? துப்புரவாளர், பாதுகாவலர் போன்றவர்களுக்குத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். சுயதொழில் செய்கிறவர்களுக்கும் உண்டு. 30 வயதுக்கு மேல், மாதச் சராசரி வருமானம் 3,000 வெள்ளிக்குள் இருந்தால் பார்க்கவேண்டும். கணவருடைய வருமானம், சொத்து என்று மற்ற நிபந்தனைகளும் இருக்கின்றன. அவருக்கு வேலை இல்லாத இந்த நேரத்தில் கட்டாயம் பார்க்கவேண்டும். இதற்கு நீங்கள் செய்யவேண்டியது, செலவு போக மிஞ்சிய வருமானத்தைச் சரியாக அறிவித்து, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் கட்டுவது. வருடத்துக்கு 6,000 வெள்ளிக்கு மேல் நிகர வருமானம் வந்தால் மெடிசேவ் எப்படியும் கட்டியாகவேண்டும். அது பாக்கி இருந்தால் தொழில்களைப் பதியும் அக்ராவில் கடைப் பதிவைப் புதுப்பிக்கும்போது தடுக்கும். அந்த நேரத்தில் அலறியடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் நிறைய.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் 2,000 வெள்ளி ரொக்கம் என்று ஒன்று பேசப்பட்டதே, அதைக் கேட்காதீர்கள். அது உள்ளூர் ஊழியர் ஒருவராவது உள்ள நிறுவனங்களுக்கு, உங்களைப் போல் தனி ஆளாகப் பதிந்தவர்களுக்கு இல்லை. ஊதியம் உயர்த்தினால் கிடைக்கும் உதவியும், மூத்த ஊழியர் உதவியும் அப்படித்தான், சம்பளப் பட்டியல் இருந்தால்தான் அவை பேசும். என் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு தையல் மெஷின், ஒரு ஆள் என்று நடக்கிற கடைகள்தான் தேக்காவைத் தேக்காவாக வைத்திருக்கின்றன. திட்டம் போடுகிறவர்கள் ஊழியர் எண்ணிக்கையை வைத்தே கடையை அளக்கும்போது இந்தக் கடைகள் விடுபட்டுப் போகின்றன. வாரத்தில் ஒரு நாளாவது, தமிழ் தெரிந்த ஒரு ஆலோசகரை தேக்கா சென்டரிலேயே ஒரு மேசை போட்டு உட்கார வைத்தால், அது பத்து இணையத்தளத்துக்குச் சமம். கேட்கும் இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை, நீங்கள் போகவேண்டிய இடம் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு ஆலோசனை சொல்லும் எஸ்எம்இ சென்டர். எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசாங்க அமைப்பின் ஆதரவில் வர்த்தகச் சங்கங்கள் நடத்துகின்றன. 1924இல் தொடங்கி நூறாண்டு கடந்த நம் இந்திய வர்த்தக தொழிற்சபையிலும் ஒன்று இருக்கிறது. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். மானியம் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்கும் இடைத்தரகர் யாரும் வேண்டாம்.

---

ஜூரோங்_பயணி

அக்கா, கணக்கர் அண்ணன் கடையைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் உங்கள் வீட்டுக்காரருக்காக எழுதுகிறேன். நானும் கிடங்கில் இருந்தவன்தான். 51 வயதில் ஆட்குறைப்பு.

முதல் மாதம் நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டார் கேட்பார்களே என்று லிப்டில்கூடக் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துத்தான் இறங்குவேன். உங்கள் வீட்டுக்காரரும் அப்படி இருந்தால், தயவுசெய்து அவரைக் கூட்டிக்கொண்டு ஈடுஐ என்ற வேலைவாய்ப்பு உதவி நிலையத்துக்குப் போங்கள். ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் நிலையம், தொழிற்சங்கக் காங்கிரசான என்டியுசி நடத்துவது. யீஷூனிலிருந்து ரயில் மாறாமல் போகலாம். நான் போனபோது எனக்குக் கிடைத்த ஆலோசகர் ஒரு சீன அம்மா. என் சுயவிவரத் தாளை வாங்கிப் பார்த்தார். "கிடங்கு மேற்பார்வையாளர், 14 வருடம்" என்று ஒரே வரி. அவர் அதை மூடி வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒரு ஷிப்டில் எத்தனை பேர் உன் கீழே? ஃபோர்க்லிப்ட் விபத்து நடந்திருக்கிறதா, நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டாய்? சரக்கு எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வாய்? நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அந்த ஒற்றை வரி ஒரு முழுப் பக்கம் ஆனது. இத்தனையும் செய்திருக்கிறோமா என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆதரவுத் தொகை சும்மா வராது. ஒவ்வொரு மாதமும் வேலைக்கு விண்ணப்பித்தது, ஆலோசகரைப் பார்த்தது, பயிற்சிக்குப் போனது என்று செய்ததைக் காட்டிப் புள்ளிகள் சேர்க்கவேண்டும். மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைத் தளத்தில் விண்ணப்பித்ததை எல்லாம் தேதியோடு ஒரு இடத்தில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் தேடினால் கிடைக்காது.

47 வயது என்பது பயிற்சிக்கு நல்ல வயது, வருத்தப்படவேண்டாம். 40க்கு மேற்பட்ட குடிமக்களுக்கு 2024 மே மாதத்தில் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கணக்கில் போட்டார்கள். அதற்குக் காலாவதி இல்லை. ஆனால் எல்லாக் கோர்ஸுக்கும் செல்லாது, வேலைவாய்ப்போடு சேர்ந்த குறிப்பிட்ட கோர்ஸ்களுக்குத்தான். கோர்ஸ் கட்டணத்திலும் 40 வயதுக்கு மேல் 90 விழுக்காடு வரை கழிவு கிடைக்கிறது. முழுநேரமாகப் படிக்கப் போனால் பயிற்சிப் படி என்று தனியாக ஒன்று, பழைய சராசரிச் சம்பளத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை. அதுவும் தேர்ந்தெடுத்த கோர்ஸ்களுக்கு மட்டும். 2020இல் போட்ட கூடுதல் தொகை 2025 டிசம்பர் 31ஓடு காலாவதியாகிவிட்டது, அதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். 

பணம் இருக்கிறது என்பதற்காகக் கண்ட கோர்ஸிலும் சேரவேண்டாம் என்று மட்டும் சொல்வேன். எங்களோடு இருந்த ஒருவர் தரவுப் பகுப்பாய்வில் சேர்ந்து பாதியில் விட்டார். நான் ஆலோசகர் சொன்னபடி வேலையிடப் பாதுகாப்புக் கோர்ஸ் எடுத்தேன். கிடங்கில் தினமும் செய்ததுதான், அதனால் ஏறியது. இப்போது ஒரு வசதி நிர்வாக நிறுவனத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். சம்பளம் பழையதைவிட 400 வெள்ளி குறைவு. நிலையான வேலை, ஞாயிறு விடுப்பு. நான் நிம்மதியாக இருக்கிறேன்.

---

ஊறுகாய்_அக்கா

கணக்கர் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. கடை கணக்கை டேப்லெட்டுக்கு மாற்றுவது அவசரமில்லை என்கிறார். நான் வீட்டிலிருந்து ஊறுகாயும் பொடியும் செய்து விற்கிறேன், வீவக வீட்டில் அனுமதி இல்லாமலே சிறு அளவில் செய்யலாம் என்ற விதிக்கு உட்பட்டுத்தான். மானியம் எதுவும் எடுக்கவில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு விரிதாளில் போட ஆரம்பித்தபின்தான் எந்தப் பொடியில் நட்டம் என்று தெரிந்தது. பருப்புப் பொடியை இரண்டு வருடம் அடக்க விலைக்கே விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன்! தேக்கா_தையல் அக்காவின் மகள் பாலிடெக்னிக் என்கிறார்களே, அவளே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து போட்டுத் தந்துவிடுவாள்.

அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டைக் கடையில் வாங்குகிறீர்களா? 2026 ஜனவரியில் வீட்டுக்கு வீடு 300 வெள்ளி கொடுத்தார்கள். அதில் பாதி உணவங்காடிகளிலும் அக்கம்பக்கக் கடைகளிலும்தான் செலவழிக்க முடியும், பேரங்காடியில் முடியாது.  கடை வாசலில் அந்த ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி இருக்கவேண்டும்.

---

தேக்கா_தையல்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதை இவரிடம் வாசித்துக் காட்டினேன். ஜூரோங்_பயணி அண்ணன் எழுதிய லிப்ட் விஷயத்தைக் கேட்டதும் எதுவும் பேசவில்லை, கொஞ்ச நேரம் கழித்து அந்த இடத்துக்கு எந்த நாள் போகலாம் என்று அவரே கேட்டார். செவ்வாய்க்கிழமை கடைக்கு நான் மதியம்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன், சேர்ந்தே போகிறோம்.

சிடிசி பற்றுச்சீட்டு வாங்குகிறேன், ஆனால் ஸ்டிக்கர் துணிக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. எடுத்து முன்னால் ஒட்டுகிறேன்.

கணக்கர் அண்ணே, இன்னும் ஒரு கேள்வி. வாடகைக்குக் கையில் பணம் குறைந்தால் அரசாங்கக் கடன் ஒன்று இருக்கிறது, 5 லட்சம் வெள்ளி வரை, பாதிக்கு அரசாங்கமே பொறுப்பு, கட்ட முடியாவிட்டால் பாதியை அவர்கள் கட்டிவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். எடுக்கலாமா? அப்புறம் எஸ்எம்இ சென்டருக்கு என்னென்ன கொண்டுபோகவேண்டும்?

---

சிராங்கூன்_கணக்கர்

தங்கச்சி, அவர் சொன்னது தப்பு. அந்தக் கடனைக் கொடுப்பது வங்கி, அரசாங்கம் இல்லை. நீங்கள் கட்டாமல் போனால் வங்கிக்கு வரும் நட்டத்தில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்கும், பொதுவாகப் பாதி, புது நிறுவனங்களுக்கு 70 விழுக்காடு. அந்த ஏற்பாடு வங்கியின் பயத்தைக் குறைக்க. உங்கள் கடன் ஒரு வெள்ளிகூடக் குறையாது, முழுத் தொகைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. தனி ஆள் பெயரில் பதிந்த கடை என்றால் கடையின் கடனும் உங்கள் சொந்தக் கடனும் ஒன்றுதான். ஆர்டர் வரும் என்று உறுதியாகத் தெரிந்து துணி வாங்கக் கடன் எடுப்பது வேறு, மந்தக் காலத்து வாடகைக்குக் கடன் எடுப்பது வேறு. இரண்டாவதை நான் என் சொந்தத் தங்கையாக இருந்தாலும் எடுக்கவிட மாட்டேன். அதற்கு முன்னால் கடைக்கு வாடகைக்கு விட்டவரிடம் தவணைக்குப் பேசுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

ஊறுகாய்_அக்கா சொன்னது சரி. டேப்லெட் வாங்குவதைத்தான் அவசரமில்லை என்றேன். விரிதாளில் கணக்கு போடுவதை இந்த வாரமே தொடங்குங்கள். மகளிடம் மூன்று பத்தி மட்டும் போடச் சொல்லுங்கள்: தேதி, வரவு, செலவு. போன ஜனவரியிலிருந்து நோட்டைப் பார்த்து ஏற்றினால் எந்த மாதம் எவ்வளவு படுக்கிறது என்று கண்ணில் தெரியும். இன்னொரு பக்கம் வேலை வகையைப் பிரித்துப் பாருங்கள். ஆல்டரேஷனில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது புது பிளவுஸில் கிடைப்பதைவிட அதிகமாக இருக்கலாம், பல தையல் கடைகளில் அப்படித்தான் பார்த்தேன். ஆயத்த ஆடை வாங்குகிற இளவயதுப் பெண்களுக்கும் அதைப் பிடித்துத் தைக்க யாராவது வேண்டும் இல்லையா?

எஸ்எம்இ சென்டருக்கு அக்ராவின் வணிக விவரத் தாள், கடை வாடகை ஒப்பந்தம், கடைசி இரண்டு வருட வருமான வரி அறிவிப்பு, ஆறு மாத வங்கி அறிக்கை, அந்த மூன்று பத்திக் கணக்கு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். உங்கள் அளவு நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். கூடவே, அந்தப் பையன் கொடுத்த விலைப்புள்ளித் தாள் இருந்தால் அதைக் காட்டி, பட்டியலில் உள்ள நிறுவனமா என்று கேளுங்கள்.

நீங்கள் மதியம் கடைக்கு வரும் செவ்வாய்க்கிழமை நான் பஃபலோ ரோடு பக்கம்தான் இருப்பேன். மாலை நாலு மணிக்குமேல் மேல்மாடிக்கு வருகிறேன், மெடிசேவ் பாக்கி இருக்கிறதா என்று சேர்ந்து பார்த்துவிடலாம். கட்டணம் ஒன்றும் வேண்டாம். சிங்பாஸ் வேலை செய்கிற கைபேசி மட்டும் சார்ஜோடு இருக்கட்டும்.